ஜெனீவாவில் கொடுத்த வாக்கும் டெல்லியில் கேட்காத கேள்வியும்

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. கையெழுத்து என்பது பெண் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதைப் போன்றது. ‘ஏற்புறுதி’ ஆவணத்தை ஐ.நா.விடம் ஒப்படைத்தால்தான் நாடு சட்டப்படி கட்டுப்படும். அந்த ஆவணம் இன்றுவரை டெல்லியை விட்டுப் புறப்படவில்லை. கையெழுத்திட்டபோது ஒன்றியத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சி. பிறகு பா.ஜ.க. கூட்டணி வந்தது, காங்கிரஸ் கூட்டணி பத்தாண்டு இருந்தது, மறுபடியும் பா.ஜ.க. வந்தது. எந்த ஆட்சியும் உடன்படிக்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கவும் இல்லை.

ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் ஒவ்வொரு நாட்டின் நிலவரத்தையும் மற்ற நாடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விசாரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தது. நான்கு முறையும் இந்த உடன்படிக்கையைப் பற்றிக் கேட்டார்கள். 2017இல் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, சித்திரவதை எங்கள் பண்பாட்டுக்கே அந்நியமானது, உடன்படிக்கையை ஏற்பதில் உறுதியாக இருக்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார். மூன்றே ஆண்டு கழித்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகிப் பின் உயிரிழந்ததைத் தமிழ்நாட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி, போலீஸ் பிடியில் இருந்தபோதே உயிரிழந்தார்.

வெளிநாட்டில் நாட்டின் பெயரால் ஒரு வாக்குக் கொடுக்கப்படுகிறது. அதை உள்நாட்டில் யார் நினைவில் வைத்திருப்பது? யார் திருப்பிக் கேட்பது? மக்களாட்சியில் அந்த வேலை நாடாளுமன்றத்துடையது என்பதுதான் இயல்பான பதில். இந்தியாவில் அந்த வேலை நடக்கிறதா என்று தேடிப் போனால், கதவுகள் நிறைய இருக்கின்றன, யாரும் தட்டுவதில்லை என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

முதலில் சட்ட நிலை. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 14ஆம் இனம், வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்துகொள்வதையும் அதை நிறைவேற்றுவதையும் நாடாளுமன்றம் சட்டமியற்றக்கூடிய விஷயங்களில் சேர்த்திருக்கிறது. 253ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது. காவல் துறை மாநிலங்களுக்கு உரியது. ஆனாலும் உடன்படிக்கை ஒன்று இருந்தால் அதன் வழியாக ஒன்றியம் உள்ளே வரலாம். ஆக, அதிகாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் உடன்படிக்கை எப்படிச் செய்துகொள்ளப்பட வேண்டும், அதை அவையின் முன் வைக்க வேண்டுமா என்பதற்கு நாடாளுமன்றம் இதுவரை சட்டம் எதுவும் இயற்றவில்லை. அது இயற்றாதவரை, 73ஆம் பிரிவின்படி ஒன்றிய நிர்வாகமே எல்லாவற்றையும் செய்துகொள்ளும். சம்பந்தப்பட்ட அமைச்சகம் கோப்பு தயாரிக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவு பார்க்கும், அமைச்சரவை ஒப்புதல் தரும், குடியரசுத் தலைவர் பெயரில் ஆவணம் போகும். இந்தப் பாதையில் எம்.பி. ஒருவர்கூட எதிர்ப்பட மாட்டார்.

இது பிரிட்டிஷ் மன்னரின் தனியதிகாரத்திலிருந்து நமக்கு வந்த சொத்து. வேடிக்கை என்னவென்றால், அந்த அதிகாரத்துக்கு அங்கே 1924லேயே ஒரு கடிவாளம் போட்டுவிட்டார்கள். ஏற்புறுதிக்கு முன் உடன்படிக்கையை 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பது, அப்போது வெளியுறவுத் துறை துணை அமைச்சராக இருந்த ஆர்தர் பொன்சன்பியின் பெயரால் அறியப்படும் வழக்கம். 2010இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நாம் குதிரையை வாங்கிக்கொண்டு கடிவாளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அரசமைப்புச் சட்டத்தின் செயல்பாட்டை ஆராய நியமிக்கப்பட்ட வெங்கடாசலய்யா ஆணையம் 2002இல் அளித்த அறிக்கையில், உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நூலகத்தில் இருக்கிறது.

இதன் விளைவை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரலில் சேர்ந்தது. அதன் 9ஆம் உறுப்பின் 5ஆம் உட்பிரிவு, சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்கிறது. சேரும்போதே இந்தியா, எங்கள் சட்ட முறையில் அப்படி ஓர் உரிமை கிடையாது என்று விலக்கு எழுதிக் கொடுத்தது. குடிமக்களின் ஓர் உரிமை இப்படி ஒரு குறிப்பால் கழித்துக்கட்டப்பட்டது. பிறகு உச்ச நீதிமன்றம், 1983இல் ருதுல் ஷா வழக்கில் தொடங்கி 1993இல் நீலாபதி பெஹெரா வழக்கு வரை, இழப்பீட்டைத் தீர்ப்பு மேல் தீர்ப்பாக வழங்கியது. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில், அந்த விலக்குக் குறிப்பு இனிப் பொருளற்றது என்றே நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் குறிப்பு திரும்பப் பெறப்படவில்லை. நாட்டில் நடைமுறையில் இருக்கும் உரிமையை, ‘இல்லை’ என்று ஐ.நா. ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீதிமன்றம் முந்திக்கொண்டு நாடாளுமன்றம் பின்னால் வந்த கதைகளும் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்தபோது, 1993இல் இந்தியா ஏற்றிருந்த பெண்களுக்கு எதிரான பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையைத்தான் கையில் எடுத்தது. சட்டம் வரும்வரை இந்த நெறிமுறைகள் இருக்கும் என்றது நீதிமன்றம். சட்டம் வந்தது 2013இல். பதினாறு ஆண்டுகள் ஒரு தற்காலிக ஏற்பாடு நாட்டை நடத்தியது.

சித்திரவதை உடன்படிக்கைக்குத் திரும்புவோம். நாடாளுமன்றம் இந்த வேலையைச் செய்ய முயன்றபோது என்ன நடந்தது என்பதற்கு அதற்கென வந்த மசோதாவைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

2010 ஏப்ரல் 26 அன்று சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் அறிமுகமானது. மே 6 அன்று நிறைவேறிவிட்டது. பத்தே நாள். நிலைக்குழுவுக்குப் போகவில்லை. மசோதாவைப் படித்துப் பார்த்தால் அந்த அவசரத்தின் விலை தெரியும். அரசு அதிகாரி ஏதோ ஒரு நோக்கத்துக்காக உடலுக்கோ மனத்துக்கோ வேண்டுமென்றே கடும் வலி தருவது சித்திரவதைதான் என்கிறது ஐ.நா. உடன்படிக்கை. நமது மசோதா ‘கொடுங்காயம்’ அல்லது உயிர், உறுப்பு, உடல்நலத்துக்கு ஆபத்து என்று வரையறையைக் குறுக்கியது. கொடுங்காயம் என்றால் அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவுப்படி எலும்பு முறிய வேண்டும், கண் அல்லது காது போக வேண்டும், அல்லது இருபது நாளாவது கடும் வேதனையில் கிடக்க வேண்டும். தடயம் விடாமல் அடிக்கத் தெரிந்த கைகளுக்குத் தப்ப நிறைய இடம். அதோடு, தண்டிக்க வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும்: வாக்குமூலமோ தகவலோ கறப்பதற்காக அடித்திருக்க வேண்டும், அதுவும் மதம், இனம், சாதி போன்ற காரணத்தால் அடித்திருக்க வேண்டும். சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒரேமாதிரி அடிக்கும் அதிகாரியை இந்தச் சட்டம் தொடாது! போதாததற்கு, ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும்.

மாநிலங்களவை அப்படியே கையெழுத்துப் போட மறுத்தது நல்ல காரியம். மசோதா தேர்வுக்குழுவுக்குப் போனது. தலைவர் காங்கிரஸ் உறுப்பினர் அஸ்வனி குமார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே குழு அறிக்கை தந்தது. வரையறையை உடன்படிக்கைக்கு அருகில் கொண்டுவந்தது. புகாருக்கான காலவரம்பை இரண்டு ஆண்டாக்கியது. அனுமதி கேட்டு மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. ஓர் உடன்படிக்கையை ஒரு பக்கமும் மசோதாவை மறுபக்கமும் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்ட, நமது நாடாளுமன்ற வரலாற்றில் அபூர்வமான குழு இது.

அறிக்கைக்குப் பிறகு மூன்றரை ஆண்டு அவை நடந்தது. அஸ்வனி குமாரே 2012 அக்டோபர் முதல் 2013 மே வரை ஒன்றியச் சட்ட அமைச்சராகவும் இருந்தார். திருத்தப்பட்ட மசோதா விவாதத்துக்கே வரவில்லை. 107ஆம் பிரிவின்படி, மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதா, மக்களவை கலைந்தால் காலாவதியாகிவிடும். 2014 மே மாதம் பதினைந்தாவது மக்களவை கலைந்தது, மசோதாவும் போனது. யாரும் அதைத் தோற்கடிக்கவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் என்று ஒருவர் பெயரையும் சுட்ட முடியாது. நமது நாடாளுமன்றத்தில் சங்கடமான மசோதாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

பதவி போன பிறகு அஸ்வனி குமார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் புதிய மசோதா ஒன்றையே எழுதிக் கொடுத்தது. மாநிலங்களின் கருத்தைக் கேட்கிறோம் என்றது ஒன்றிய அரசு. 2019 செப்டம்பரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது: சட்டம் இயற்று என்று நாடாளுமன்றத்துக்கு நாங்கள் ஆணையிட முடியாது. அரசமைப்புப்படி அது சரியான தீர்ப்புதான். விசாகாவில் முந்திய நீதிமன்றம் இங்கே ஏன் நின்றது என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வியும் நாடாளுமன்றத்தின் வாசலில்தான் போய் முடிகிறது.

2023 டிசம்பரில் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றியபோது ஒரு வாய்ப்பு வந்தது. அந்த மசோதாக்கள் உள்துறை நிலைக்குழுவுக்குப் போய்த் திரும்பின. பொது ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாளில் முடிவெடுக்க வேண்டும், இல்லையேல் அனுமதி தந்ததாகக் கொள்ளப்படும் என்ற விதி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. தேர்வுக்குழு 2010இல் சொன்னதன் எதிரொலி. சித்திரவதை மட்டும் தனிக் குற்றமாக ஆகவில்லை. இறுதி வாக்கெடுப்பு நடந்தபோது இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். கேட்க வேண்டியவர்களில் பெரும்பகுதி அவையிலேயே இல்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உடன்படிக்கைகளைப் படித்து அவற்றை நிறைவேற்றப் பரிந்துரைக்கும் பணியையும் கொடுத்திருக்கிறது. அதே சட்டம், மனித உரிமை என்பதை வரையறுக்கும்போது, பன்னாட்டு உடன்படிக்கைகளில் இருந்தாலும் இந்திய நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடியதாக இருந்தால்தான் கணக்கு என்று வேலி கட்டியிருக்கிறது. ஆணையத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஆறு பேர் குழுவில் பிரதமரும் உள்துறை அமைச்சரும் போக, மக்களவைத் தலைவர், மாநிலங்களவைத் துணைத் தலைவர், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள் என நான்கு பேர் நாடாளுமன்றத்தவர். ஆளை அமர்த்தும் நேரத்தில் இத்தனை நாடாளுமன்றம்! அமர்த்திய பிறகு? 20ஆம் பிரிவுப்படி ஆணையத்தின் ஆண்டறிக்கையை, எந்தப் பரிந்துரையை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்ற குறிப்போடு அரசு அவைகளின் முன் வைக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த ஓட்டையில் அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது பழகிப்போன செய்தி. மேசைக்கு வந்த அறிக்கை மீதும் விவாதம் நடத்தக் கட்டாயம் இல்லை. மாநில ஆணையங்களுக்கும் சட்டமன்றத்துக்கும் இதே உறவுதான், இதே நிலைமைதான்.

அரசுகள் உடன்படிக்கைக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டிய காலமுறை அறிக்கைகளின் கதை இன்னும் மோசம். குடிமை, அரசியல் உரிமைகள் குறித்த இந்தியாவின் மூன்றாவது அறிக்கையை ஐ.நா. மனித உரிமைக் குழு 1997இல் பரிசீலித்தது. நான்காவது அறிக்கை 2001இல் போயிருக்க வேண்டும். பரிசீலனை நடந்தது 2024 ஜூலையில். இருபத்தேழு ஆண்டு இடைவெளி. பொருளாதார, சமூக உரிமைகள் பற்றிய கடைசிப் பரிசீலனை 2008இல். இனப்பாகுபாடு பற்றியது 2007இல். இந்தத் தாமதத்துக்காக ஓர் அமைச்சர் அவையில் எழுந்து விளக்கம் சொன்னதாக நினைவில்லை. கேட்டால் அல்லவா சொல்வார்?

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அதிகம் பேசப்படும் முன்னுதாரணம் பிரிட்டனின் மனித உரிமைக் கூட்டுக்குழு. 2001 முதல் இயங்குகிறது. இரு அவைகளிலிருந்தும் ஆறு ஆறு பேர். 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சர், இது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு இணங்கியது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி உறுதி கூற முடியவில்லை என்றாலும் எழுதிவிட்டு மேலே போகலாம். குழு ஒவ்வொரு மசோதாவையும் பார்த்து, எந்த உரிமை அடிபடுகிறது, ஏன் அடிபட வேண்டும் என்று அமைச்சருக்குக் கடிதம் எழுதும். பதில் வரும். இரண்டும் வெளியாகும். 2023 டிசம்பரில் புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் மசோதா வந்தபோது, இணக்கம் பற்றி உறுதி கூற முடியாது என்று உள்துறை அமைச்சரே எழுத நேர்ந்தது. மசோதா உடன்படிக்கைக்கு முரணானது என்றது குழு. 2024 ஏப்ரலில் மசோதா சட்டமானது. குழுவால் தடுக்க முடியவில்லை. ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டோம் என யாரும் சொல்ல முடியாதபடி ஏட்டில் பதிவானது. சில மாதங்களில் ஆட்சி மாறியபோது அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இதைச் சொல்லிவிட்டு, அதே பிரிட்டனின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. சிறைக் கைதிகள் அனைவருக்கும் ஒட்டுமொத்தமாக ஓட்டுரிமையை மறுப்பது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் மக்களவை 2011 பிப்ரவரி 10 அன்று விவாதித்து, 234க்கு 22 என்ற வாக்கில் தடை தொடரட்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்துவிட்டு, 2017 இறுதியில் சில நிர்வாக மாற்றங்களோடு விஷயத்தை முடித்தார்கள். கைதிகளுக்கு ஓட்டுக் கிடையாது, அவர்களுக்காகப் பேசினால் வெளியில் இருக்கிற ஓட்டும் போகும் என்பதுதான் அந்த 234 பேரின் கணக்கு. மக்கள் பிரதிநிதிகள் எப்போதும் உரிமையின் பக்கம் நிற்பார்கள் என்று நம்புவது அப்பாவித்தனம்.

அமெரிக்காவில் ஏற்புறுதிக்கு செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2012 டிசம்பரில் 61க்கு 38 என்று பெரும்பான்மை பெற்றும் தோற்றது. அந்த உடன்படிக்கைக்கு முன்மாதிரிகளில் ஒன்றே அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம்! ஆகவே வாசலிலேயே நாடாளுமன்றத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மசோதாவுடனும் உரிமை இணக்க அறிக்கை வர வேண்டும், ஒரு கூட்டுக்குழு அதைப் பார்க்கும். பல நேரம் அந்த அறிக்கை வார்ப்புரு வாசகமாகிவிடுகிறது, குழு பேசி முடிப்பதற்குள் மசோதா நிறைவேறிவிடுகிறது என்பது அங்கே பழைய புகார்.

நமக்கு மிக அருகில் இருக்கும் பாடம் இலங்கையில் இருக்கிறது. அது கசப்பானது. சிங்களம் தெரியாத ஒரு தமிழ் இளைஞருக்கு, போலீஸ் காவலில் பெறப்பட்டதாகச் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 35 ஆனது. வாக்குமூலம் மிரட்டிப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையை அவர் தலையிலேயே கட்டினார்கள். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையோடு இணைந்து தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997இல் சேர்ந்திருந்தது; அதன் கீழ் அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார். 2004இல் குழு அவர் பக்கம் நின்றது. அதைக் காட்டி அவர் இலங்கை உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, 2006 செப்டம்பரில் தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு சொன்ன பதில் சிங்கராசா வழக்கு என்ற பெயரில் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பது: நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஜனாதிபதி தனியாக அந்த நெறிமுறையில் சேர்ந்தது அரசமைப்புக்கு முரண், ஆகவே அது இங்கே செல்லாது. நாடாளுமன்றத்தின் மேலாண்மை காப்பாற்றப்பட்டது. கைதி சிறையிலேயே இருந்தார்.

பிறகு நாடாளுமன்றம் என்ன செய்தது? மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதை நிபந்தனையாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை தொங்கிக்கொண்டிருந்த பின்னணியில், 2007இல் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கைக்கென 56ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. உடன்படிக்கையின் உரிமைகளில் ஒரு சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்ட ஒல்லியான சட்டம். அதில் வெறுப்புப் பிரச்சாரத்தைத் தடுக்கும் 3ஆம் பிரிவு மட்டும் நன்றாக வேலை செய்தது. 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் அந்தப் பிரிவின் கீழ் நான்கு மாதங்களுக்கு மேல் அடைக்கப்பட்டார். கருத்துரிமையைக் காக்க எழுதிய உடன்படிக்கை, கதை எழுதியவரைச் சிறையில் போடும் கருவியானது. சித்திரவதை விஷயத்தில் இலங்கை நம்மை எப்போதோ முந்திவிட்டது: 1994இல் உடன்படிக்கையில் சேர்ந்து அதே ஆண்டில் சட்டமும் போட்டது. அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே.

ஆக, ஏற்புறுதிக்கு முன் வாக்கெடுப்பு வேண்டுமா, சட்டம் வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளிலேயே நமது விவாதம் சுற்றிக்கொண்டிருப்பது போதாது. இரண்டுமே ஒருநாள் கூத்தாக முடியலாம். சட்டம் வந்த பிறகும் ஆண்டுதோறும் அதே கேள்வியைக் கேட்கும் ஓர் இடம் அவைக்குள் இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

நம்மால் முடியாத காரியமும் அல்ல இது. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் வந்த மசோதாவில் குறைகள் ஏராளம் என்று மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் தெருவில் இறங்கின. மசோதா சமூகநீதி நிலைக்குழுவுக்குப் போனது. அவர்கள் நேரில் சாட்சியம் சொன்னார்கள். 2015இல் குழு அறிக்கை வந்தது. 2016 டிசம்பரில், பணமதிப்பிழப்பு அமளியில் அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் முடங்கிக் கிடந்தபோதும், இந்த மசோதாவை மட்டும் கட்சி வேறுபாடின்றி நிறைவேற்றினார்கள். ஏழு வகைக் குறைபாடுகள் இருபத்தொன்றாயின. வேலையில் இடஒதுக்கீடு மூன்றிலிருந்து நான்கு சதவீதமானது. ஒன்பது ஆண்டு எடுத்ததுதான். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்களின் குரல் குழு அறை வழியாகச் சட்டத்துக்குள் போனது.

அந்தக் குழு அறைகள் இப்போது சுருங்கி வருகின்றன. பி.ஆர்.எஸ். ஆய்வமைப்பின் கணக்குப்படி, பதினைந்தாவது மக்களவையில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவது மக்களவையில் (2019–24) அது 16 சதவீதம். உரிமைகளுக்கென்று தனிக் குழு கேட்பதற்கு முன், இருக்கிற குழுக்களுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்க வேண்டிய நிலை.

இருந்தாலும் கேட்க வேண்டும். மூன்று காரியங்களுக்கு அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. இந்தியாவில் ஒவ்வொரு மசோதாவின் பின்னாலும் அது செலவு வைக்குமானால் நிதிக் குறிப்பு, அதிகாரிகளுக்கு விதி வகுக்கும் அதிகாரம் தருமானால் அதைப் பற்றிய குறிப்பு இணைக்கப்படுகிறது. எத்தனை ரூபாய் செலவு என்று எழுதத் தெரிந்த அமைச்சகத்துக்கு, எந்த உடன்படிக்கையின் எந்த உறுப்பைத் தொடுகிறது என்று ஒரு பக்கம் எழுதுவதில் என்ன சிரமம்? அவை விதிகளில் சேர்த்தால் முடிந்தது. அடுத்து, ஐ.நா. குழுக்களுக்கு அரசு அனுப்பும் அறிக்கைகளையும் அவர்கள் திருப்பித் தரும் பரிந்துரைகளையும் குறித்த நாளுக்குள் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். மனித உரிமை ஆணையத்தின் ஆண்டறிக்கைக்கும் அதே கெடு. கடைசியாக, இவற்றையெல்லாம் பார்க்க இரு அவைக் கூட்டுக்குழு, பொதுக் கணக்குக் குழுவைப் போல எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமையில். தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பொதுக் கணக்குக் குழு பணத்துக்குக் கணக்குக் கேட்பதுபோல, ஆணையத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இது கொடுத்த வாக்குக்குக் கணக்குக் கேட்கட்டும். ஆணையங்களும் நாடாளுமன்றங்களும் இப்படிக் கைகோக்க வேண்டும் என்று 2012இல் பெல்கிரேடில் வகுத்த கோட்பாடுகள் சொல்வதும் இதைத்தான்.

இறையாண்மை என்ற சொல்லைச் சிலர் உடனே எடுப்பார்கள்: வெளிநாட்டுக்காரன் கேட்பதற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நல்ல கேள்வி. வெளிநாட்டுக்காரனுக்கு இப்போது நமது அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும் விமானம் ஏறிப் போய்ப் பதில் சொல்கிறார்கள். ஜெனீவாவில் பிற நாட்டுத் தூதர்கள் கேட்கும் அதே கேள்வியை டெல்லியில் நமது உறுப்பினர்கள் கேட்டுப் பதில் வாங்குவதுதான் இறையாண்மை.

கூட்டுக்குழு அமையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கேள்வி நேரத்தில் அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்னால்கூட அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்தில் அதை நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் அரசு உறுதிமொழிக் குழு விரட்டிக் கேட்கும். 1953 முதல் மக்களவையில் அந்தக் குழு இருக்கிறது. கேள்வி கொடுக்கத் தேவை பதினைந்து நாள் முன்னறிவிப்பு மட்டுமே. தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேரும் இருக்கிறார்கள்.